டி.பி. கல்ச்சர் ரிப்போர்ட் கோளாறாக வருகிறதா? சாம்பிளில் எங்கே தப்பு என்று பின்னோக்கிப் போய்ப் பிடிக்கும் வழி

கல்ச்சருக்கு (கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பிய சளிக்கு "கன்டாமினேட்டட்", அதாவது வேறு கிருமிகள் வளர்ந்து கெட்டுவிட்டது, என்று ரிப்போர்ட் வந்தால் பல இடங்களில் நடப்பது ஒன்றுதான். நோயாளியைக் கூப்பிட்டு, இன்னொரு குழாயைக் கையில் கொடுத்து, மறுபடியும் அனுப்பிவிடுகிறார்கள். அதே மாதிரி எடுத்து, அதே பெட்டியில் வைத்து, அதே வண்டியில் போகிற சளிக்கு அதே பதில்தான் திரும்பி வரும். அதற்குள் நோயாளிக்கு ஒன்றரை மாதம் போய்விடும். மருந்து எதிர்ப்பு காசநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் இருப்பவருக்கும், அவரோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஒன்றரை மாதம் சின்ன விஷயம் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி வாங்கும் டெக்னீஷியன், வார்டில் சாம்பிள் எடுக்கும் செவிலியர், கல்ச்சர் லேபில் புதிதாகச் சேர்ந்தவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ரிப்போர்ட்டில் என்ன வந்திருக்கிறது, குழாயில் என்ன தெரிகிறது என்று பார்த்து, அதற்குரிய தலைப்புக்குப் போங்கள்.

போவதற்கு முன் ஒரே ஒரு அடிப்படை. காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாவதற்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகும். வாயில் குடியிருக்கும் சாதாரண பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு அரை மணி நேரம் போதும். இரண்டையும் ஒரே மீடியத்தில் (கிருமி வளர்க்கும் ஊட்டப் பொருளில்) விட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். அதனால்தான் லேபில் முதல் வேலையாகச் சளியில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கிறோம். காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகுபோன்ற கொழுப்பால் ஆனது என்பதால் அந்தக் காரத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும். மற்றவை தாங்காது. ஆனால் கொஞ்ச நேரம்தான். காரத்தின் அளவோ நேரமோ கூடினால் அதுவும் சாகும்.

ஸ்மியரில் (சளியை ஸ்லைடில் தடவிச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதில்) தெரிவதற்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் சோதனைகளுக்கும் அப்படியே. கல்ச்சர் மட்டும்தான் உயிருள்ள கிருமியைக் கேட்கிறது. அதற்குப் பதிலாக அது தருவதும் பெரிது. ஸ்மியரில் தெரிய ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். கல்ச்சருக்கு 10 முதல் 100 இருந்தால் போதும்.

ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: சாக வேண்டியவை சாகாமல் தப்பித்தனவா, அல்லது பிழைக்க வேண்டியது செத்துப்போனதா? இதற்குப் பதில் தெரிவதற்கு முன் எதையும் மாற்றாதீர்கள். ஒரு பக்கத்துக் கோளாறுக்குச் செய்கிற வைத்தியம் மறுபக்கத்துக் கோளாறை மோசமாக்கும்.

குழாயைத் திறந்து பார்த்தால் வெறும் எச்சில்

நல்ல சளி கெட்டியாக, கொஞ்சம் மஞ்சளாகவோ சீழ் கலந்தோ இருக்கும். சாய்த்தால் மெதுவாக நகரும். எச்சில் நுரையோடு தண்ணீராக ஓடும். எச்சில் வருவதற்கு நோயாளியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. "காலையில சளி பிடிச்சிட்டு வாங்க" என்ற ஒரு வரியோடு குழாயைக் கொடுத்து அனுப்பினால், அவர் தொண்டையைக் காறித் துப்பியதைத்தான் கொண்டுவருவார்.

இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்னால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஐயா, முதல்ல வாயை நல்லாக் கொப்பளிச்சிடுங்க. இப்ப மூச்சை ஆழமா இழுங்க, கொஞ்சம் நிறுத்துங்க, மெதுவா விடுங்க. இன்னொரு தடவை. மூணாவது தடவை இழுத்ததும் நெஞ்சுக்குள்ள இருந்து இருமுங்க. வர்றதை நேரா குழாய்க்குள்ள துப்பிட்டு உடனே மூடிடுங்க." சொல்லும்போது நீங்களே மூச்சை இழுத்துக் காட்டுங்கள். முதல் முயற்சியில் வராவிட்டால் அவரைக் கொஞ்சம் நடக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் முயலலாம். இதெல்லாம் நடக்க வேண்டியது திறந்த வெளியில், காற்றோட்டமான இடத்தில். கழிப்பறையிலோ, மற்ற நோயாளிகள் காத்திருக்கும் வராண்டாவிலோ, லேபுக்குள்ளோ வேண்டாம். நீங்கள் காற்று வரும் பக்கம் நில்லுங்கள், அவருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், என்95 முகக்கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்ததும் எடுக்கும் சளிதான் சிறந்தது. இரவெல்லாம் நுரையீரலில் சேர்ந்தது அதில் வரும். அளவு 2 முதல் 5 மில்லி. "நிறையக் கொடுத்தால் நல்லதுதானே" என்று நாள் முழுக்க ஒரே குழாயில் துப்பச் சொல்வது சில வார்டுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். அப்படிச் சேர்த்த சளியில் மற்ற பாக்டீரியாக்கள் வளர நாள் முழுவதும் நேரம் கிடைக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 50 மில்லி ஃபால்கன் குழாயில் சளிக்குச் சம அளவு கார மருந்து விட்டு, மிச்ச இடத்தில் பஃபர் ஊற்றித்தான் காரத்தை முறிக்கிறோம். 5 மில்லி சளி என்றால் 5 மில்லி மருந்து போக 40 மில்லி பஃபருக்கு இடம் இருக்கிறது. 15 மில்லி சளி வந்தால் 20 மில்லிதான் மிஞ்சும். காரம் சரியாக முறியாமல் கிருமி தொடர்ந்து சாகும்.

சளியே வராதவர்களுக்கு 3 முதல் 5 சதவீத உப்புக் கரைசலை நெபுலைசரில் கொடுத்து வரவழைக்கலாம். அப்படி வருவது பார்க்கத் தண்ணீராகத்தான் இருக்கும். படிவத்தில் "நெபுலைசர் கொடுத்து எடுத்தது" என்று எழுதாவிட்டால், எச்சில் என்று நினைத்து லேபில் ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு.

கல்ச்சர் லேபில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எச்சில் போலத் தெரிகிறது என்பதற்காக மட்டும் சாம்பிளைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலும் சில நேரம் கிருமி வளரும். தன்மையைக் குறித்துவிட்டுப் போடுங்கள், கூடவே இன்னொன்றும் கேளுங்கள்.

லேப் சாம்பிளை ஏற்கவில்லை

இதற்குக் காரணங்கள் சில மட்டுமே. கசிவு, பெயர் பொருந்தாமை, பெயரே இல்லாமை.

கசிவு பெரும்பாலும் மூடியில்தான். குழாயின் வாயில் சளி ஒட்டியிருக்கும்போது மூடினால் மரை சரியாகப் பிடிக்காது. வாயைத் துடைத்து, மூடியை நேராக வைத்துத் திருகி, மேலே பாராஃபிலிம் சுற்றுங்கள். பிறகு மூன்று அடுக்கு: குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சோடு கசியாத உறை, வெளியே ஜெல் பேக் வைத்த கெட்டியான பெட்டி. படிவத்தை ஜெல் பேக்கோடு சேர்த்து வைக்காமல் தனி ஜிப் கவரில் போடுங்கள். நனைந்து மை கரைந்த படிவத்தோடு வரும் சாம்பிளும் பெயர் இல்லாத சாம்பிள் மாதிரிதான்.

பெயரைக் குழாயின் உடம்பில் எழுத வேண்டும். மூடியில் எழுதினால், பத்துக் குழாய்களைத் திறந்து மூடும் மேசையில் மூடிகள் மாறினால் எல்லாம் மாறிவிடும். நம் ஊரில் ஒரே நாளில் இரண்டு முருகன், மூன்று லட்சுமி வருவது சகஜம். இனிஷியலும் ஒன்றாக இருந்துவிடும். எனவே பெயரோடு நிக்ஷய் எண் (அரசின் காசநோய்ப் பதிவில் நோயாளிக்குத் தரும் எண்), வயது, எடுத்த தேதி, எடுத்த நேரம் எல்லாம் வேண்டும். காலிக் குழாயை நோயாளி கையில் கொடுப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

தண்டுவட நீர், பயாப்ஸித் திசு போன்றவற்றை மறுபடி எடுப்பது எளிதல்ல. பெயரில் குழப்பம் இருந்தாலும் அவற்றை உடனே நிராகரிக்காமல், எடுத்த மருத்துவரைத் தொடர்புகொண்டு தெளிவுபடுத்திக்கொண்டு, அதையும் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செய்வதே முறை.

ரிப்போர்ட் "கன்டாமினேட்டட்"

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். விகிதம் ஏறியதுமே பலர் செய்வது சோடியம் ஹைட்ராக்சைடைக் கூட்டுவது. அது கடைசிக் கட்டத்தில் யோசிக்க வேண்டியது.

முதலில் கெட்டுப்போனவை யாருடையவை என்று பதிவேட்டைப் பாருங்கள். ஒரே நாளில் சேர்த்துப் போட்ட பேட்ச் (குழாய்த் தொகுதி) முழுவதும் கெட்டிருந்தால் கோளாறு லேபுக்குள். பஃபர், மீடியம், மருந்துக் கலவை, குழாய்களைத் திறந்து வேலை செய்யும் பாதுகாப்பு கேபினெட் இவற்றில் ஒன்று. பல நாட்களில் போட்டவை பரவலாகக் கெட்டு, அவற்றில் பெரும்பங்கு ஒரே மையத்திலிருந்து வந்திருந்தால் கோளாறு அங்கே எடுக்கும் விதத்தில் அல்லது வழியில். ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அவருடைய வாயையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும். லேப் முழுவதற்கும் ஒரே சதவீதம் போட்டு வைத்திருப்பதால் மட்டும் எதுவும் தெரியாது. மையம் வாரியாகப் பிரித்து எழுதுங்கள். அந்த ஒரு காகிதம் பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து, எத்தனையாவது நாளில் கெட்டது? திரவ மீடியத்தில் கிருமி வளர்வதைக் கண்டறியும் எம்ஜிஐடி கருவி இரண்டு மூன்று நாளிலேயே பாசிட்டிவ் என்று காட்டினால், அது சளியோடு வந்து காரத்திலும் சாகாமல் தப்பியது. மூன்று நான்கு வாரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு பூஞ்சை பிடித்தால், மூடி தளர்வாக இருந்ததோ கையாளும்போது வெளியிலிருந்து போனதோ காரணமாக இருக்கலாம்.

குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். எம்ஜிஐடி குழாயில் காசநோய்க் கிருமி வளர்ந்தால் திரவம் பெரும்பாலும் தெளிவாகவே இருந்து, அடியில் ரவை போலத் துகள்கள் படிந்திருக்கும். மற்ற பாக்டீரியாக்கள் வளர்ந்தால் முழுக்கக் கலங்கிவிடும். முட்டை சேர்த்த திட மீடியமான எல்ஜேயில் பச்சை நிறம் மாறுவதும், சரிவு இளகி வழிவதும் மற்றவற்றின் வேலை. இது முதல் பார்வை மட்டுமே. ஜீல்-நீல்சன் ஸ்மியரும் (காசநோய் இனக் கிருமியைக் காட்டும் சாயம்) பிளட் அகார் தட்டும் (சாதாரண பாக்டீரியா வளரும் மீடியம்) போட்டுப் பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள். ஸ்மியரில் அமிலத்தை எதிர்க்கும் கிருமியும் (காசநோய் இனக் கிருமி) தெரிந்து, தட்டிலும் வேறேதோ வளர்ந்தால் இரண்டும் கலந்திருக்கிறது என்று பொருள். அந்தக் குழாயை மறுபடி கார மருந்தில் சுத்தம் செய்து புதிதாகப் போட்டால் பல நேரம் மீட்டுவிடலாம்.

இனி காரணங்கள். முதலில் சளி எடுத்த இடம்.

வாயைக் கொப்பளிக்காமல் எடுத்த சளியில் சோற்றுப் பருக்கையும் வெற்றிலைச் சக்கையும் வரும். உணவுத் துணுக்குக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவைக் காரம் எட்டுவது கஷ்டம். சாப்பிட்டு வந்தவரைக் கொப்பளிக்க வைக்காமல் சளி எடுக்காதீர்கள். கொப்பளிக்கக் கொதித்து ஆறிய தண்ணீர் கொடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கிருமிநாசினி மவுத்வாஷ் வேண்டாம்.

அப்புறம் வழி. என் பார்வையில் பெரும்பாலான கன்டாமினேஷன் பிறப்பது இங்கேதான். எடுத்த உடனே சளி 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குப் போக வேண்டும்; முடிந்தால் அன்றே, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் எடுத்து மேசையில் வைத்துத் திங்கட்கிழமை அனுப்பும் சாம்பிளை எந்த லேபாலும் காப்பாற்ற முடியாது. அனுப்பும் நாளைப் பார்த்து எடுக்கும் நாளை வையுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் பஸ்ஸின் டிக்கியில் போகும் தெர்மாகோல் பெட்டிக்குள் ஜெல் பேக் உருகிவிட்டால், அது பாக்டீரியா வளர்க்கும் இன்குபேட்டராகவே மாறிவிடும். ஜெல் பேக்கை முந்தைய இரவே முழுதாக உறைய வைத்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மேலே வைத்து அனுப்பாமல் குழாய்களைச் சுற்றி நான்கு பக்கமும் வையுங்கள். லேபில் பெட்டியைத் திறந்ததும் பேக் உறைந்திருக்கிறதா, உருகியிருக்கிறதா என்று ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டே வந்தால், எந்தப் பாதையில் பிரச்சினை என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

படிவத்தில் "எடுத்த நேரம்" என்ற இடத்தில் அனுப்பும் நேரத்தை எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த ஒரு தவறால் தாமதம் முழுவதும் மறைந்துபோகிறது. மையத்துக்கு ஒருமுறை நேரில் போய்ச் சளி எங்கே வைக்கப்படுகிறது என்று பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா, மின்சாரம் போனால் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆரில் சளியை வைக்கவே கூடாது. இதை எழுதி ஒட்டுவதில் தவறில்லை.

தொலைவு காரணமாகக் குளிரில் அனுப்பவே வழியில்லை என்றால் சிபிசி இருக்கிறது. 1 சதவீத சிட்டைல்பிரிடினியம் குளோரைடும் 2 சதவீத உப்பும் கலந்த கரைசலைச் சளிக்குச் சம அளவு சேர்த்தால் ஒரு வாரம் வரை தாங்கும். இதில் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. சிபிசி சேர்த்ததைக் குளிரில் வைத்தால் மருந்து படிகமாகப் பிரிந்து பயனற்றுப் போகும். அறை வெப்பத்திலேயே வைக்க வேண்டும். இரண்டாவது, அது எல்ஜேக்கு மட்டும்தான். எல்ஜேயில் இருக்கும் முட்டை சிபிசியை முறித்துவிடுகிறது. எம்ஜிஐடி திரவத்தில் முறிக்க எதுவும் இல்லாததால் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியே தடைபடும். சிபிசி சேர்த்த குழாயில் அதைப் பெரிதாக எழுதாவிட்டால் லேபில் இருப்பவருக்குத் தெரியாது.

எடுத்த இடமும் வழியும் சரி என்று உறுதியான பிறகுதான் லேபின் கார மருந்துக்கு வர வேண்டும். நால்க் முறையில் 4 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடும் 2.9 சதவீத சோடியம் சிட்ரேட்டும் சம அளவு கலந்து, அதில் 0.5 சதவீத அளவுக்கு என்-அசிட்டைல் சிஸ்டீன் தூளைப் போடுகிறோம். சளியைக் கரைப்பது அந்தத் தூள். கலந்த 24 மணி நேரத்துக்குள் அதன் வேகம் போய்விடும். நேற்றுக் கலந்து மிச்சமானதை இன்று ஊற்றினால் கெட்டிச் சளி கரையாது. கரையாத சளிக்குள் காரம் நுழையாது. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாட்டிலில் கட்டிதட்டிப் போனதை எடை போட்டால் அதில் ஒரு பங்கு தண்ணீர்தான். 4 சதவீதம் என்று நாம் எழுதி வைத்திருப்பது உண்மையில் அதைவிடக் குறைவாக இருக்கும். சதவீதத்தைக் கூட்ட நினைக்கும் முன் புதுப் பாட்டிலைத் திறந்து பாருங்கள்.

எம்ஜிஐடியில் மட்டும் கெட்டு எல்ஜேயில் கெடாமல் இருந்தால், குழாயில் சேர்க்கும் பாண்டா மருந்துக் கலவையைச் சந்தேகிக்க வேண்டும். ஐந்து மருந்துகள் கொண்டது அது: பாலிமிக்சின் பி, ஆம்ஃபோடெரிசின் பி, நாலிடிக்சிக் அமிலம், ட்ரைமெத்தோப்ரிம், அஸ்லோசிலின். வளர்ச்சிச் சத்தோடு கலந்து ஒரு குழாய்க்கு 0.8 மில்லி. கலந்து வைத்ததன் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

பழைய நுரையீரல் பாதிப்பால் மூச்சுக்குழாய் விரிந்துபோனவர்களின் சளியில் சூடோமோனாஸ் குடியிருக்கும். நால்க் முறையில் அது சாகாமல் திரும்பத் திரும்பத் தொல்லை தந்தால், அந்த நோயாளியின் சாம்பிளுக்கு மட்டும் 5 சதவீத ஆக்சாலிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம்.

எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ளலாம்? எல்ஜேயில் 3 முதல் 5 சதவீதம், எம்ஜிஐடியில் 8 சதவீதம் வரை. பூஜ்யம் வந்தால் பெருமைப்பட வேண்டாம். அது அடுத்த தலைப்பின் அறிகுறி.

ஸ்மியரில் கிருமி இருக்கிறது, கல்ச்சரில் வளரவில்லை

முதலில் நோயாளி சிகிச்சையில் இருக்கிறாரா என்று பாருங்கள். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவரின் சளியில் செத்த கிருமிகள் வெகுநாள் வெளியே வரும். ஸ்மியரில் தெரியும், வளராது. அது கோளாறு இல்லை, நல்ல செய்தி. அதனால்தான் சிகிச்சை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளக் கல்ச்சர் தேவைப்படுகிறது.

சிகிச்சை தொடங்காதவர் என்றால், "வேறு எந்த மாத்திரையும் சாப்பிடவில்லையா?" என்று கேளுங்கள். இருமலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய லெவோஃப்ளாக்சசின் போதும், கிருமியை அடக்க. மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னால் பதில் கிடைத்துவிடும். முடிந்தவரை முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு எடுத்துவிட வேண்டும்.

அதுவும் இல்லை, பல நோயாளிகளுக்கு இப்படி நடக்கிறது, கூடவே கன்டாமினேஷன் 2 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது என்றால், சந்தேகமே வேண்டாம்: லேபில் கிருமியைக் கொல்கிறோம். கடிகாரத்தைப் பாருங்கள். காரத்தில் இருக்க வேண்டியது 15 முதல் 20 நிமிடம். இந்த நேரம் முதல் குழாயில் மருந்து விட்ட நொடியில் தொடங்குகிறது. ஒரே பேட்சில் அதிகக் குழாய்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து, ஊற்றி, மூடி, கலக்கிக் கடைசிக் குழாய்க்கு வரும்போது முதல் குழாய்க்கு ஏற்கெனவே பத்து நிமிடம் ஆகியிருக்கும். கடைசிக் குழாயிலிருந்து இருபது நிமிடம் எண்ணினால் முதல் குழாய்க்கு முப்பது. சென்ட்ரிஃபியூஜ் ஒரு சுற்றில் எத்தனை குழாய் கொள்ளுமோ அதற்கு மேல் ஒரு பேட்சில் எடுக்காதீர்கள். பஃபரையும் மருந்து விட்ட அதே வரிசையில் விடுங்கள். பிஎச் 6.8 பஃபரைக் குழாய் நிறையும் அளவுக்கு ஊற்றுங்கள்.

அடுத்து சென்ட்ரிஃபியூஜ். கொழுப்புச் சுவர் உள்ள இந்தக் கிருமி எளிதில் அடியில் படியாது. 3,000 ஜி வேகத்தில் 15 முதல் 20 நிமிடம் சுற்ற வேண்டும். 3,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கில் சொல்லும் விசை) வேறு, 3,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வேறு. ரோட்டரின் ஆரத்தை வைத்துக் கணக்கிட்டு, எத்தனை ஆர்பிஎம் வைக்க வேண்டும் என்று கருவி மேலேயே ஒட்டி வையுங்கள். வேகம் குறைந்தால், மேலே உள்ள நீரைக் கொட்டும்போது கிருமியையும் சேர்த்துக் கொட்டுகிறோம். குளிரூட்டும் வசதி இல்லாத சென்ட்ரிஃபியூஜ் ஓடஓடச் சூடாகும். அதுவும் கிருமிக்கு ஆகாது.

மிச்சம் இரண்டு காரணங்கள். வெயில்: சளிக் குழாயை ஜன்னலோரம் வைத்திருந்தால் சூரிய ஒளி கிருமியைக் கொல்லும். இன்னொன்று ஸ்மியரே தப்பாக இருப்பது: பழைய ஸ்லைடைக் கழுவி மறுபடி பயன்படுத்தியது, சாயத்துக்குக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தியது இப்படி. இவற்றையெல்லாம் பார்த்தும் பிடிபடாவிட்டால், எச்37ஆர்வி என்ற, லேபில் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் காசநோய்க் கிருமியை நன்றாக நீர்த்து, சாம்பிள் போகும் அதே படிகள் வழியாக அனுப்பிப் பாருங்கள். அதுவும் வளராவிட்டால் மீடியத்தையோ கார மருந்தையோ மாற்ற வேண்டும். இதை அன்றைய நோயாளிகளின் சாம்பிள்களை எல்லாம் முடித்து எடுத்து வைத்த பிறகே செய்யுங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

பாசிட்டிவ் வந்திருக்கிறது, ஆனால் நோயாளியைப் பார்த்தால் நம்ப முடியவில்லை

எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, ஸ்மியர் நெகட்டிவ், எடுத்த சாம்பிள்களில் ஒன்றில் மட்டும், அதுவும் எல்ஜேயில் விரல் விட்டு எண்ணக்கூடிய நாலைந்து காலனி. இந்த நிலையில் அன்றைய பேட்ச் பட்டியலை எடுத்து, இவருக்கு முன்னால் யாருடைய குழாய் இருந்தது என்று பாருங்கள். ஸ்மியரில் 3+ (கிருமி மிக அதிகம்) என்று வந்த சாம்பிள் ஒன்று அருகில் இருந்தால், அங்கிருந்து ஒரு துளி தாவியிருக்கலாம்.

தாவும் பாதை பெரும்பாலும் பஃபர் பாட்டில்தான். பாட்டிலின் வாய் ஒரு குழாயின் விளிம்பைத் தொட்டது, அல்லது வேகமாக ஊற்றித் தெறித்தது. அதற்குப் பிறகு ஊற்றிய எல்லாக் குழாய்களுக்கும் ஆபத்து. பஃபரையும் மருந்தையும் ஒவ்வொரு பேட்சுக்கும் சிறு பாட்டில்களில் பிரித்து வைத்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு குழாய் மட்டும் திறந்திருக்கட்டும். கலக்கிய பிறகும் சென்ட்ரிஃபியூஜ் நின்ற பிறகும் துளிகள் அடங்கச் சில நிமிடம் பொறுத்து, கேபினெட்டுக்குள் வைத்தே திறங்கள். ஒவ்வொரு பேட்சின் கடைசியிலும் சுத்தமான நீர் நிரப்பிய ஒரு குழாயை நோயாளிச் சாம்பிள் போலவே கொண்டுபோங்கள். அதில் ஏதாவது வளர்ந்தால் அன்றைய பேட்ச் முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்ததும் ரிப்போர்ட்டை நாமே நெகட்டிவ் என்று மாற்றுவது பெரும் தவறு. மருத்துவரிடம் பேசி, புதுச் சாம்பிள் வாங்கி, முடிவை அவரோடு சேர்ந்து எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ரெஃபரன்ஸ் லேபுகளில் இரண்டு கிருமிகளின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். உண்மையில் நோய் இல்லாத ஒருவர் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவதும், நோய் உள்ளவரை இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவதும் இரண்டுமே நம் மேசையிலிருந்து தொடங்கக்கூடியவை.

வளர்ந்தது காசநோய்க் கிருமியே இல்லை, அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்று என்று வந்தால் தண்ணீரைப் பாருங்கள். மைக்கோபாக்டீரியம் கார்டோனே போன்றவை குழாய்த் தண்ணீரிலேயே வாழ்பவை. வாய் கொப்பளித்த தண்ணீர், பிராங்கோஸ்கோப்பைக் கழுவிய தண்ணீர் வழியாகச் சாம்பிளுக்குள் வந்துவிடும். கொதித்து ஆறிய தண்ணீர் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான். இவ்வகைக் கிருமி சளியில் ஒருமுறை வளர்ந்ததை வைத்து நுரையீரல் நோய் என்று முடிவு செய்வதில்லை. தனித்தனியாக எடுத்த இரண்டு சளியிலாவது வளர வேண்டும்.

சளி அல்லாத சாம்பிள்: எப்போதும் நெகட்டிவ்

நிணநீர்க் கட்டியிலிருந்து எடுத்த திசு ஃபார்மலினில் வந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஃபார்மலின் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும். அறுவை அரங்கில் நோய்க்கூறு பரிசோதனைக்கென்று ஃபார்மலின் பாட்டில் தயாராக இருக்கும். கல்ச்சருக்கான பாட்டில் இருக்காது. ஆகவே முதல் நாளே சுத்தமான சலைன் ஊற்றிய பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்து, "கல்ச்சருக்கு ஒரு துண்டு இதுல போடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். திசு காயக் கூடாது. பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்த சீழ் வேண்டாம். குச்சியில் ஒட்டுவது கொஞ்சம், அதிலிருந்து வெளியே வருவது இன்னும் கொஞ்சம். ஊசியில் உறிஞ்சி எடுங்கள்.

தண்டுவட நீரில் கிருமி மிகக் குறைவாக இருக்கும். ஒரு மில்லியில் அதிசயம் நடக்காது. குறைந்தது 2 மில்லி, கொடுக்க முடிந்தால் 5 அல்லது அதற்கு மேல். அது சுத்தமான இடத்திலிருந்து வருவதால் கார மருந்து தேவையில்லை.

நுரையீரல் உறையில் சேரும் நீரிலும் கிருமி குறைவுதான். அது நெகட்டிவாக வந்தால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. உறையின் பயாப்ஸியில் வளர வாய்ப்பு அதிகம்.

சிறுநீர் என்றால் அதிகாலையில் முதலில் வருவதில் நடுப்பகுதி, 40 மில்லிக்குக் குறையாமல், மூன்று நாள், மூன்று தனித்தனிப் பாட்டில். 24 மணி நேரம் சேர்த்தது வேண்டாம்.

குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள் என்பதால் வயிற்றிலிருந்து எடுக்கிறோம். குழந்தை விழித்து, எழுந்து, எதையாவது குடிப்பதற்கு முன் எடுத்தால்தான் பயன். வயிற்று அமிலம் கிருமியைக் கொல்லும்; நான்கு மணி நேரத்துக்குள் லேபில் போட முடியாது என்றால் சோடியம் கார்பனேட் அல்லது பைகார்பனேட் சேர்த்து அமிலத்தை முறித்து அனுப்ப வேண்டும். அந்தக் குழந்தை வெறும் வயிற்றில், மூக்கில் டியூபோடு அழுதுகொண்டு கொடுத்த சாம்பிள் அது. மேசையில் காத்திருக்க விடாதீர்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கல்ச்சர் கேட்டால் இடிடிஏ குழாயில் எடுக்கக் கூடாது. அது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும். உறைந்த ரத்தமும் உதவாது. ஹெப்பாரின் குழாயிலோ, மைக்கோபாக்டீரியாவுக்கென்று உள்ள ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலோ எடுங்கள்.

தோல் புண்ணிலிருந்து வரும் சாம்பிளில் ஒரு குறிப்பு தவறாமல் வேண்டும். மைக்கோபாக்டீரியம் மரினம் போன்ற சில இனங்கள் 30 முதல் 32 டிகிரியில்தான் நன்றாக வளரும். "தோல்" என்று படிவத்தில் எழுதாவிட்டால் லேபில் 37 டிகிரி இன்குபேட்டரில் மட்டும் வைத்து, எட்டு வாரம் கழித்து நெகட்டிவ் என்று அனுப்பிவிடுவார்கள். மீன் தொட்டி, மீன் வெட்டும் வேலை, முள் குத்தியது என்று நோயாளி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் அந்தப் படிவத்திலேயே எழுதி அனுப்புங்கள்.